ஃபைல் மாறினாலும் பழைய புரோகிராம் ஓட வேண்டும்

2016 ஜனவரி 1 முதல் ஆட்பதிவுத் திணைக்களம் 12 இலக்கங்கள் கொண்ட தேசிய அடையாள அட்டை எண்ணைக் கொடுக்கத் தொடங்கியது. அதுவரை ஒன்பது இலக்கமும் கடைசியில் வி அல்லது எக்ஸ் எழுத்தும் சேர்த்துப் பத்து இடம் போதுமாக இருந்தது. வாடிக்கையாளர் ஃபைலில் அடையாள அட்டைக்குச் சரியாகப் பத்து எழுத்தை ஒதுக்கி வைத்திருந்த கம்பனிகள் கொழும்பில் எத்தனையோ. 2022 அக்டோபர் 1 இல் சமூகப் பாதுகாப்பு பங்களிப்பு வரி 2.5 வீதத்தில் நடைமுறைக்கு வந்தபோது, இன்வொய்ஸ் ஃபைலில் அதை வைக்க இடம் இருக்கவில்லை. அதே ஆண்டில் ரூபாய் விழுந்து விலைகள் ஏறின. ஒன்பது இலக்கப் பணத் தொகை, அதில் இரண்டு தசமம் என்று ஒரு காலத்தில் தாராளமாக ஒதுக்கிய ஃபீல்டில் (ஒரு விபரத்துக்கான இடத்தில்) 99,99,999.99 வரைதான் எழுதலாம். ஒரு கோடியை எழுத ஏலாது. கொழும்பில் ஒரு வாகன லீசிங் ஒப்பந்தமே இப்போது அதைத் தாண்டும்.

ஆக, ஃபைலின் அமைப்பை மாற்றாமல் இருக்க முடியாது. அந்த ஃபைலை நம்பி ஓடுகிற நூற்றுக்கணக்கான பழைய புரோகிராம்களை என்ன செய்வது என்பதுதான் கேள்வி. இங்கே நான் எழுதுவது ஐபிஎம் ஐ கணினியைப் பற்றி. 1988 ஜூன் 21 இல் ஏஎஸ்/400 என்ற பெயரில் அறிமுகமாகி, பிறகு பல பெயர் மாறியும், கணினி அறைகளில் இன்றும் பழைய பெயராலேயே அழைக்கப்படுகிற இயந்திரம். நிதி, காப்புறுதி, மொத்த வியாபாரம் போன்ற துறைகளில் அதன் மேல் ஓடும் ஆர்பிஜி மொழிப் புரோகிராம்கள் சில, அதைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைகளை விட வயதில் மூத்தவை. வன்பொருளை எத்தனை முறை மாற்றினாலும் அன்று எழுதிய புரோகிராம் இன்றும் ஓடுவது இந்தக் கணினியின் பெருமை. அதனாலேயே ஃபைலை மாற்றுவது இங்கே கூடுதல் பொறுப்பான வேலையாகிறது.

ஒரு புரோகிராமைக் கம்பைல் செய்யும்போது, அதாவது கணினி ஓட்டக்கூடிய வடிவத்துக்கு மாற்றும்போது, அது பயன்படுத்தும் ஃபைலின் ரெக்கோர்ட் (ஒரு பதிவின்) அமைப்பு அப்படியே புரோகிராமுக்குள் பதிந்துவிடுகிறது: எந்த ஃபீல்ட் எத்தனையாவது பைட்டில் தொடங்குகிறது, எவ்வளவு நீளம், எத்தனை தசமம் என்று எல்லாமே. கூடவே அந்த அமைப்பிலிருந்து கணக்கிட்ட 13 எழுத்துக் குறி ஒன்றும் பதிகிறது. ஃபார்மட் லெவல் ஐடென்டிஃபையர் என்பது அதன் பெயர். ரெக்கோர்ட் ஃபார்மட்டின் பெயர், ஃபீல்ட்களின் பெயர், வரிசை, எண்ணிக்கை, நீளம், தசம இடம், ரெக்கோர்டின் மொத்த நீளம் ஆகியவற்றில் ஒன்று மாறினாலும் குறி மாறும். ஃபீல்டின் தலைப்பு, விளக்க வரி, தேடவும் வரிசைப்படுத்தவும் உதவும் சாவி ஃபீல்ட்கள் ஆகியவை மாறினால் குறி மாறாது. புரோகிராம் ஃபைலைத் திறக்கும் நேரத்தில் இரண்டு குறிகளையும் கணினி ஒப்பிடும்; இதுதான் லெவல் செக். பொருந்தாவிட்டால் சிபிஎஃப்4131 என்ற செய்தியோடு நிறுத்திவிடும்.

காலை எட்டரைக்கு வெள்ளவத்தைக் கிளையிலிருந்து வரும் அழைப்பு இப்படித்தான் இருக்கும்: "அண்ணா, ரசீது அடிக்க ஏலாமல் இருக்கு. லெவல் செக் எண்டு ஏதோ காட்டுது." கவுண்டரில் வரிசை நிற்கும். முகாமையாளர் பக்கத்தில் வந்து நிற்பார். அந்த நெருக்கடியில் ஒரு குறுக்குவழி கண்ணுக்குத் தெரியும்: ஃபைலின் லெவல் செக்கை 'வேண்டாம்' என்று மாற்ற ஒரே ஒரு கட்டளை போதும். செய்தி மறையும், ரசீது அடிக்கும், எல்லாரும் நன்றி சொல்வார்கள்.

இந்தக் குறுக்குவழியை நான் முழுமையாக எதிர்க்கிறேன். காரணத்தைப் பைட் அளவில் பார்த்தால் விளங்கும். நிலுவைத் தொகையை ஒன்பது இலக்கத்திலிருந்து பதினொரு இலக்கமாக்குகிறோம் என்று வையுங்கள். பேக்ட் வகை எண்ணில் ஒரு பைட்டுக்கு இரண்டு இலக்கம், கடைசி அரைப் பைட் கூட்டல் கழித்தல் குறிக்கு. எனவே ஒன்பது இலக்கத்துக்கு ஐந்து பைட், பதினொன்றுக்கு ஆறு. புதிய ஃபைலில் 1,250.00 என்ற தொகை 00 00 01 25 00 0எஃப் என்று கிடக்கும்; எஃப் என்பது கூட்டல் குறி. பழைய புரோகிராம் முதல் ஐந்து பைட்டை மட்டும் எடுக்கும்: 00 00 01 25 00. கடைசி அரைப் பைட்டில் குறி இருக்க வேண்டிய இடத்தில் சைபர் இருக்கிறது. புரோகிராம் அதைத் தொகையாக எடுக்கப் பார்த்து, தசமத் தரவுப் பிழை என்று எம்சிஎச்1202 செய்தியோடு விழும்.

விழுந்தால் நல்லது. விழாமல் ஓடினால்தான் பயம். ஆர்பிஜி புரோகிராம் தான் பயன்படுத்தாத ஃபீல்டைத் தொடுவதே இல்லை. நிலுவையைப் பார்க்காமல், அதற்கு அடுத்த ஒரு எழுத்து நிலைக் குறியை மட்டும் பார்த்து, மூடிய கணக்கா திறந்த கணக்கா என்று முடிவெடுக்கும் புரோகிராம் ஒன்று இருந்தால் அது ஆறாவது பைட்டை, அதாவது அந்த 0எஃப்பை, நிலைக் குறி என்று எடுத்துக்கொள்ளும். அது மூடிய கணக்கின் குறி இல்லை, ஆகவே கணக்கு திறந்தது என்று முடிவு செய்யும். எந்தச் செய்தியும் வராது. மூடிய கணக்குகளுக்கெல்லாம் மாதக் கடைசியில் கடிதம் போகும். எழுதுகிற புரோகிராமாக இருந்தால் இன்னும் மோசம், தவறான பைட்டை ஃபைலிலேயே பதித்துவிடும். லெவல் செக் நிறுத்தியது புரோகிராமை மட்டும் இல்லை, இந்தச் சேதத்தையும்தான்.

சரி, எல்லாப் புரோகிராமையும் மறுபடி கம்பைல் செய்தால் என்ன? புத்தகப்படி அதுதான் வழி. டிஸ்பிளே புரோகிராம் ரெஃபரன்ஸஸ் கட்டளையின் விளைவை ஒரு ஃபைலில் இறக்கினால், எந்தப் புரோகிராம் எந்த ஃபைலை எந்தக் குறியோடு பயன்படுத்துகிறது என்று பட்டியல் கிடைக்கும். பட்டியலில் உள்ளவற்றைக் கம்பைல் செய்து, ஃபைலோடு ஒரே நேரத்தில் மாற்றலாம். சிறிய அமைப்புக்கு இது போதும். ஆனால் முப்பது வருடம் ஓடிய அமைப்பில் சில புரோகிராம்களுக்குச் சோர்ஸே, அதாவது அன்று எழுதிய மூல வரிகளே, இருக்காது. சிலவற்றுக்கு இருக்கும், ஆனால் ஓடுகிற புரோகிராம் அதிலிருந்து உருவானதாக இருக்காது. எந்த சோர்ஸிலிருந்து, அந்த சோர்ஸ் கடைசியாக எந்தத் திகதியில் மாறியபோது கம்பைல் ஆனது என்பதைப் புரோகிராமே தன்னுள் வைத்திருக்கும். சோர்ஸின் இப்போதைய திகதியோடு அதை ஒப்பிடாமல் கம்பைல் பொத்தானை அழுத்தினால், எவரோ பாதியில் விட்டுப்போன திருத்தம் ஒன்று அன்றிரவே நடைமுறையில் ஓடத் தொடங்கும். ஒரு வரி ஃபீல்டைச் சேர்க்கப் போய் வட்டிக் கணக்கு மாறும் அபாயம் அதில் இருக்கிறது.

பழைய புரோகிராம் கேட்பது பழைய ரெக்கோர்ட் ஃபார்மட்டை. அதை அதற்குக் கொடுத்துக்கொண்டே இருக்கலாம். தரவு இருக்கும் பிசிக்கல் ஃபைலுக்கும் புரோகிராமுக்கும் நடுவில் லாஜிக்கல் ஃபைல் என்ற ஒன்றை இந்தக் கணினி முதலிலிருந்தே வைத்திருக்கிறது. லாஜிக்கல் ஃபைலில் தரவு இல்லை; எந்த ஃபீல்ட்கள், எந்த வரிசையில், எந்த நீளத்தில் தெரிய வேண்டும் என்ற விபரம் மட்டும்தான் உண்டு. பலர் அதை வேறொரு சாவி வரிசைக்காக மட்டுமே பயன்படுத்துகிறார்கள். அதைவிடப் பெரிய பயன், அதற்கென்று சொந்தமாக ஒரு ரெக்கோர்ட் ஃபார்மட் இருக்கலாம் என்பது.

இன்வொய்ஸ் ஃபைலில் புதிய வரித் தொகையைச் சேர்க்கும் வேலையை இப்படிச் செய்யலாம். இருக்கிற பிசிக்கல் ஃபைலுக்கு முதலில் பெயர் மாற்றுங்கள். தரவு, டிரிகர் (ரெக்கோர்ட் மாறும்போது தானாக ஓடும் புரோகிராம்), கட்டுப்பாடுகள், பாதுகாப்பு அனுமதி எல்லாம் அப்படியே கூட வரும். பிறகு ஃபைலின் அமைப்பை எழுதி வைத்திருக்கும் டிடிஎஸ் சோர்ஸில் புதிய ஃபீல்டைச் சேர்த்து, சேஞ்ச் பிசிக்கல் ஃபைல் கட்டளையை அந்த சோர்ஸோடு கொடுங்கள். தரவை இழக்காமல் அமைப்பை மாற்றித் தரும். ஏதாவது தரவு அழியக்கூடும் என்று கணினி நினைத்தால் சிபிஏ32பி2 என்ற கேள்வியைக் கேட்கும். ஃபீல்ட் சேர்க்கும் வேலையில் அந்தக் கேள்வி வரவே கூடாது. வந்தால் சோர்ஸில் ஏதோ தவறு, ரத்துச் செய்துவிட்டுப் பாருங்கள். அடுத்து, பழைய ஃபைலின் பெயரிலேயே ஒரு லாஜிக்கல் ஃபைலை உருவாக்குங்கள். அதே ரெக்கோர்ட் ஃபார்மட் பெயர், பழைய ஃபீல்ட்கள் அதே வரிசையில் ஒவ்வொன்றாக எழுதப்பட்டிருக்க வேண்டும், சாவி இருந்தால் அதுவும் அப்படியே.

டிஸ்பிளே ஃபைல் டிஸ்கிரிப்ஷன் எடுத்துப் பார்த்தால், இந்த லாஜிக்கல் ஃபைலின் 13 எழுத்துக் குறி பழைய ஃபைலின் குறியோடு எழுத்துக்கு எழுத்து பொருந்தும். பழைய புரோகிராம் வழக்கமான பெயரில் ஃபைலைத் திறக்கும், குறி பொருந்தும், ஓடும். கம்பைல் தேவையில்லை. புதிய வரி தேவைப்படும் நாலைந்து புரோகிராம்கள் மட்டும் புதிய பெயருக்கு மாறும். பழைய புரோகிராம் புதிய ரெக்கோர்ட் எழுதினால், அதற்குத் தெரியாத வரி ஃபீல்டில் நாம் குறித்த இயல்பு மதிப்போ சைபரோ விழும்.

ஃபீல்ட்களை ஒவ்வொன்றாக எழுதச் சொன்னது வீணாக இல்லை. ஃபார்மட் பெயரை மட்டும் எழுதி ஃபீல்ட்களை விட்டுவிட்டால் லாஜிக்கல் ஃபைல் பிசிக்கல் ஃபைலின் ஃபார்மட்டைப் பகிர்ந்துகொள்ளும். அங்கே சேர்ந்த ஃபீல்ட் இங்கேயும் வந்துவிடும், குறியும் மாறிவிடும். பெரும்பாலான இடங்களில் இருக்கிற சாவி வரிசை லாஜிக்கல் ஃபைல்கள் அப்படிப் பகிர்ந்துகொள்பவைதான். டிஸ்பிளே டேட்டாபேஸ் ரிலேஷன்ஸ் கட்டளையில் அவற்றைக் கண்டுபிடித்து, நாம் செய்த புதிய லாஜிக்கல் ஃபைலின் ஃபார்மட்டைப் பின்பற்றும்படி திரும்ப உருவாக்க வேண்டும். டிடிஎஸ்ஸில் ஃபார்மட் என்ற சொல்லே இதற்காக இருக்கிறது.

கம்பைல் வழியை விட இந்த வழியை நான் விரும்ப இன்னொரு காரணமும் உண்டு. மிகப் பழைய புரோகிராம்கள் சில ஃபைலின் வெளி விவரிப்பைப் பயன்படுத்துவதில்லை. 41 ஆம் பைட்டிலிருந்து 45 வரை தொகை என்று புரோகிராமுக்குள்ளேயே எழுதியிருப்பார்கள். இவற்றுக்கு லெவல் செக் என்ற காவலே கிடையாது, ஒப்பிடக் குறி இல்லையே. மறுபடி கம்பைல் செய்தாலும் 41 என்பது 41 ஆகவே இருக்கும். ஆனால் பழைய பெயரில் உள்ள லாஜிக்கல் ஃபைல் பழைய வரிசையிலேயே பைட்களைக் கொடுப்பதால், இந்தப் புரோகிராம்களும் தப்பும்.

எல்லாமே தப்பும் என்றில்லை. ஃபைலை வெறுமையாக்கும் கிளியர் கட்டளை, ஒழுங்குபடுத்தும் ரீஆர்கனைஸ் கட்டளை இரண்டும் பிசிக்கல் ஃபைலில் மட்டுமே வேலை செய்யும். காப்பி ஃபைல் கட்டளை லாஜிக்கல் ஃபைலிலிருந்து வாசிக்கும், அதற்குள் எழுதாது. இரவு வேலைகளைக் கட்டளை கட்டளையாக ஓட்டும் சிஎல் புரோகிராம்களில் இவை நிறைய இருக்கும். பட்டியலில் ஃபைல் பெயரைத் தேடினால் மட்டும் போதாது, சிஎல் சோர்ஸை வரி வரியாகத் தேட வேண்டும். புதிய லாஜிக்கல் ஃபைலுக்கு அனுமதி கொடுக்க மறந்தால், அதுவும் காலை எட்டரை அழைப்பாக வந்து சேரும்.

வரலாற்று ஃபைலை எல்லாரும் கடைசியாகத்தான் நினைக்கிறார்கள். இன்வொய்ஸ் ஃபைலுக்கு அச்சொட்டான ஒரு இரட்டை எங்காவது இருக்கும். மாத முடிவில் பழைய ரெக்கோர்ட்கள் அதற்குப் போகும். அமைப்பு வேறாகிவிட்டால், காப்பி ஃபைல் கட்டளை நேர்மையாக மறுத்துவிடும். ஆனால் அதில் 'சரிபார்க்காதே' என்ற தெரிவை எவராவது எப்போதோ போட்டு வைத்திருந்தால் இடமிருந்து வலமாகப் பைட் பைட்டாகக் கொட்டும். ஃபீல்ட் கடைசியில் சேர்ந்திருந்தால் வால் மட்டும் வெட்டுப்படும், நடுவில் சேர்ந்திருந்தால் வரலாறே குழம்பும். பெயர் பார்த்துப் பொருத்தும் மேப், ட்ராப் தெரிவுகளைத்தான் இங்கே பயன்படுத்த வேண்டும், அதுவும் அமைப்பு மாறும் அன்றே.

இனி அடையாள அட்டைக்கு வருவோம். லாஜிக்கல் ஃபைல் ஒரு ஃபீல்டைக் குறைந்த நீளத்திலும் காட்டும். பிசிக்கல் ஃபைலில் 12 எழுத்தாக்கி, பழைய பெயர் லாஜிக்கல் ஃபைலில் 10 எழுத்தாகவே விட்டால் குறி பொருந்தும், புரோகிராம்கள் ஓடும். பார்க்க அழகான தீர்வு. ஆனால் தவறு. புதிய எண்ணில் முதல் நான்கு இலக்கம் பிறந்த ஆண்டு, அடுத்த மூன்று ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது, பெண்களுக்கு அதோடு 500 கூட்டப்படும். பிறகு நான்கு இலக்கத் தொடரெண், கடைசியில் ஒரு சரிபார்ப்பு இலக்கம். பத்தோடு வெட்டினால் தொடரெண்ணின் கடைசி இலக்கமும் சரிபார்ப்பு இலக்கமும் போய்விடும். ஒரே நாளில் பிறந்து அடுத்தடுத்த தொடரெண் பெற்ற பத்துப் பேர்வரை பழைய புரோகிராமின் கண்ணுக்கு ஒரே ஆளாகத் தெரியலாம். அந்த எண்ணை வைத்துக் கடன் நிலுவையைத் தேடுகிற புரோகிராமுக்கு இதைவிடப் பெரிய தவறு கிடையாது. லெவல் செக் ஃபைலின் வடிவத்தைத்தான் காக்கும், அர்த்தத்தைக் காக்க அதற்குத் தெரியாது.

இந்த மாதிரி இடத்தில் பழைய ஃபீல்டைத் தொடாமல், 12 எழுத்தில் புதிய ஃபீல்ட் ஒன்றைப் பக்கத்தில் வைப்பதே சரி. பழைய எண்ணைப் புதியதாக மாற்றும் விதி தெளிவானது: முன்னால் 19, மூன்று இலக்கத் தொடரெண்ணுக்கு முன் ஒரு சைபர், கடைசி எழுத்தை எடுத்துவிடு. எனவே பழைய வாடிக்கையாளர் எல்லாருக்கும் புதிய ஃபீல்டை ஒரே ஓட்டத்தில் நிரப்பலாம். புதிய அட்டை மட்டுமே உள்ளவருக்குப் பழைய ஃபீல்ட் வெறுமையாக இருக்கட்டும். வெறுமையைப் பார்த்துப் பழைய புரோகிராம் 'ஆள் இல்லை' என்று சொல்வது, தவறான ஆளைக் காட்டுவதை விட எவ்வளவோ மேல். அப்புறம், எண்ணால் தேடுகிற புரோகிராம்களை ஒவ்வொன்றாகப் புதிய ஃபீல்டுக்கு நகர்த்த வேண்டியதுதான். கோடியைத் தாண்டும் தொகைக்கும் இதே யோசனை பொருந்தும்: அகலமான புதிய தொகை ஃபீல்ட், பழையது சின்னத் தொகைகளுக்கு மட்டும் என்று கொஞ்ச காலம் இரண்டும் வாழட்டும். இரண்டையும் ஒத்த நிலையில் வைக்கும் வேலையை ஒரு டிரிகரிடம் ஒப்படைத்தால் நல்லது.

புதிய ஃபீல்டை நல் (null) மதிப்பு, அதாவது மதிப்பே இல்லை என்ற நிலை, ஏற்கும்படி வைக்க வேண்டாம் என்பது என் எண்ணம். நல் மதிப்பைக் கையாளச் சொல்லாமல் கம்பைல் செய்த ஆர்பிஜி புரோகிராம் அப்படியொரு ரெக்கோர்டை வாசித்ததும் தரவு மேப்பிங் பிழை என்று நிற்கும். சைபரும் வெற்றிடமும் இந்தக் கணினியில் பழகிய மதிப்புகள், அவையே போதும்.

எஸ்கியூஎல் என்ற தரவுக் கேள்வி மொழி வழியாக வருபவர்களுக்கு லெவல் செக் இல்லை. ஃபீல்ட் பெயர்களைச் சொல்லிக் கேட்கும் கேள்விக்கு ஒன்றும் ஆகாது. பிசிக்கல் ஃபைலை நேராகத் தொட்டால், நட்சத்திரக் குறி போட்டு எல்லாவற்றையும் எடுக்கும் கேள்வியும், ஃபீல்ட் பட்டியல் இல்லாமல் மதிப்புகளை மட்டும் செருகும் கட்டளையும் புதிய ஃபீல்ட் வந்ததும் தடுமாறும். கணக்குப் பிரிவில் எவராவது ஓடிபிசி என்ற இணைப்பு வழியாக எக்செல்லுக்கு இழுத்துக்கொண்டிருப்பார்கள். அது எந்தப் புரோகிராம் பட்டியலிலும் வராது. அவர்களிடம் நேரில் போய்க் கேட்டுவிடுவதுதான் வழி.

மாற்றும் நாளுக்குக் கொழும்பில் போயா (பௌர்ணமி) விடுமுறையை விட நல்ல நாள் இல்லை. வங்கிகள் மூடியிருக்கும், கிளைகளும் பெரும்பாலும் மூடியிருக்கும். ஆனாலும் ஃபைல் சும்மா இருக்காது. அமைப்பை மாற்ற ஃபைலின் மேல் தனிப் பூட்டு வேண்டும். எஸ்கியூஎல் சேவை ஜாப்கள் முடிந்த கேள்விக்கும் ஃபைலை அரைகுறையாகத் திறந்து வைத்திருக்கும். வேர்க் வித் ஆப்ஜெக்ட் லாக்ஸ் கட்டளையில் யார் பிடித்திருக்கிறார்கள் என்று பார்த்து விடுவித்த பிறகே தொடங்குங்கள். பெரிய ஃபைலானால் தரவைப் பிரதி எடுக்கவும் இண்டெக்ஸ்களைத் திரும்பக் கட்டவும் மணிக்கணக்காகலாம், அந்த நேரத்தை முதலில் சோதனை லைப்ரரியில் அளந்திருக்க வேண்டும். முடிந்ததும் பட்டியலில் உள்ள ஒவ்வொரு புரோகிராமின் குறியையும் புதிய ஃபைல்களின் குறியோடு ஒரு எஸ்கியூஎல் கேள்வியால் ஒப்பிட்டுவிட்டால், மறுநாள் காலை எது விழும் என்பதை முந்திய இரவே தெரிந்துகொள்ளலாம்.

பழைய பெயர் லாஜிக்கல் ஃபைல் எவ்வளவு காலம் இருக்க வேண்டும்? அதற்குச் செலவு மிகக் குறைவு, அவசரப்பட்டு அழிக்கத் தேவையில்லை. கடைசியாகப் பயன்பட்ட திகதியைக் கணினி வைத்திருக்கிறது. ஆனால் அந்தத் திகதி ஆறு மாதம் பழையது என்பதை மட்டும் நம்பி அழிக்காதீர்கள். மார்ச் 31 இல் நிதியாண்டு முடிந்து ஏப்ரலில் ஓடும் ஆண்டிறுதிப் புரோகிராம்கள் வருடத்தில் ஒரே முறைதான் அந்த ஃபைலைத் திறக்கும்.